பியானோவிலிருந்து சமையலறைக் கதவு வரை

ஏக்கார்ட் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். எங்கள் ஊரில் வேலை பார்த்த காலமெல்லாம் வரலாற்று வாத்தியார். இப்போது எங்கள் அட்லாண்டிக் நண்பர் வட்டத்துக்குத் தலைவர். நான் செயலாளர். போன வருடம் விஸ்கான்சினில், எங்கள் நட்பு ஊரான மேப்பிள் ஃபோர்டு நூலகத்தின் கீழ்த்தளத்தில், அமெரிக்கர்களை உட்கார வைத்து அவர்களுடைய துப்பாக்கி, மருத்துவச் செலவு, தேர்தல் எல்லாவற்றையும் பிடித்து உலுக்கி எடுத்தார். முடிந்ததும் அவர்கள் சிரித்த முகத்தோடு, "ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு, பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி" என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். திரும்பி வரும் விமானத்தில் ஏக்கார்ட், எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப் போனார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஜெர்மனியில் எங்கள் பால்ஸ் பக்கத்தில் ஒரு ஆளை மதிக்கிறோம் என்றால் மேஜையில் உட்கார்ந்து அவரோடு சண்டை போடுவோம். தொண்டை வறண்டதும் அவருக்கும் சேர்த்து வைன் ஊற்றுவோம். பேசாமல் தலையாட்டுவது இழவு வீட்டில்தான்.

இந்த வருடம் அவர்கள் இங்கே வர வேண்டிய முறை. வசந்த காலத்திலிருந்தே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு நாய்க்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு டார்லீன் வந்தாள். அவள் ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பது வருடமாக நான் போனால் அவள் வீட்டில், அவள் வந்தால் என் வீட்டில். இந்தத் தடவை கொஞ்சம் வேறு மாதிரி செய்து பார்க்கலாமா என்று அவள் தொலைபேசியில் மெதுவாகக் கேட்டாள். கூடவே கெண்ட்ரா என்ற பெண்ணையும் அழைத்து வந்தாள். அடித்துக்கொள்ளும் தேவாலயக் கமிட்டிகளைச் சமாதானப்படுத்தி வைப்பதுதான் கெண்ட்ராவின் பிழைப்பு. நாங்கள் யாரும் அடித்துக்கொள்ளவில்லையே, இவள் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அதே தொலைபேசிப் பேச்சில் டார்லீன் இன்னொன்றும் கேட்டாள். எங்கள் ஊர்த் தேர்தல் முடிவை எங்கேயோ படித்திருக்கிறாள். மூன்றில் ஒரு ஓட்டு, அகதிகளை விரட்டச் சொல்லும் அந்தக் கட்சிக்கு விழுந்திருந்தது. அதன் பெயரை நான் என் வாயால் சொல்வதில்லை. "உங்க ஊர்லயுமா, டாக்மார்?" என்றாள். கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் குத்தியது. எத்தனை வருடம் அவர்களுடைய ஓட்டைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுத்தவள் நான். நம் வட்டத்தில் அப்படி ஒரு ஆள் கிடையாது, அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்னதை அவள் கண் முன்னால் நிரூபிக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

என் கணவர் ஹார்ட்முட் எங்கள் வட்டத்தில் உறுப்பினர் இல்லை. அவருக்குக் கூட்டம் ஆகாது. குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் பொருத்துகிற வேலை. இந்த ஊர்க் கீழறைகளில் பாதியில் அவர் கைபட்ட குழாய்தான் ஓடுகிறது. பட்டறையை மூடிய பிறகு எங்கள் கூட்டங்களுக்கு நாற்காலி தூக்குவார், வைன் பெட்டி இறக்குவார், அக்டோபர் வந்தால் வெங்காய கேக் சுடுவார். அந்தக் கட்சியைப் பற்றி நான் சாப்பாட்டு மேஜையில் பொரிந்து தள்ளும்போதெல்லாம் ரொட்டியை ஒரே கனத்தில் நறுக்கிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை, தீயணைப்புப் படை மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். மேஜைகளை வரிசையாகப் போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, பெயர் அட்டையும் வைத்திருந்தேன். கெண்ட்ரா வந்ததும் வராததுமாக மேஜை எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளச் சொன்னாள். பிறகு மண்டியிட்டு, பியானோவிலிருந்து சமையலறைக் கதவு வரை தரையில் நீல டேப் ஒட்டினாள். அவள் ஒரு வாக்கியம் சொல்வாளாம். ஆமாம் என்றால் பியானோ பக்கம், இல்லை என்றால் சமையலறைப் பக்கம் போய் நிற்க வேண்டுமாம். பேச்சே கூடாதாம்.

ஏக்கார்ட் உடனே கை தூக்கினார். நடுவில் நிற்பது என்றால் தெரியாது என்று அர்த்தமா, சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தமா? தூரத்துக்கு ஏற்ப அளவு உண்டா? கெண்ட்ரா சிரித்தாள். மனசுக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே நில்லுங்கள், இது சும்மா ஒரு விளையாட்டு என்றாள். எங்களவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதியே இல்லாத விளையாட்டை எப்படி ஆடுவது?

அப்போதுதான் ஹார்ட்முட் கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே நழுவப் பார்த்தார். மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் என்றால் எல்லோரும்தான் என்று கெண்ட்ரா அவரையும் இழுத்து நிறுத்தினாள். அடுப்பில் கேக் இருக்கிறது என்றார். வெந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே நிற்கிறவரை உண்மையாக நிற்க வேண்டும், அது கட்டாய விதி என்றாள். ஹார்ட்முட் தலையசைத்தார். விதி என்று ஒன்று வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் பச்சை வரும்வரை நிற்பார். மழையில் நானும் கூட நின்று நனைந்திருக்கிறேன்.

முதல் வாக்கியம் வெங்காய கேக் பிடிக்குமா என்பது. எல்லோரும் பியானோ பக்கம் ஓடினோம். அடுத்தது, ஐரோப்பா தன் பாதுகாப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. எங்களவர்கள் யோசித்து, அடி அளந்து, கோடு முழுக்கப் பரவி நின்றோம். இரண்டு பேர் தங்களுக்குள் யார் யாரைவிட அரையடி தள்ளி நிற்க வேண்டும் என்று முணுமுணுப்பாக வாதாடினார்கள். அமெரிக்கர்களோ எல்லோரும் நட்ட நடுவில் கொத்தாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பற்றித் தொலைபேசியில் என்னிடம் கொதித்துப் பேசிய டார்லீனும் அங்கேதான் நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. முதுகெலும்பை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்தார்களா?

மூன்றாவது வாக்கியத்தைக் கெண்ட்ரா தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தாள்: "என் நண்பர்கள் வெறுக்கும் ஒரு கட்சிக்கு ஒருவர் ஏன் ஓட்டுப் போடுகிறார் என்று எனக்குப் புரிகிறது."

எனக்குப் பொறுக்கவில்லை. வழவழா கொழகொழா என்று இது என்ன கேள்வி? புரிகிறது என்றால் யாருக்கு எவ்வளவு புரிகிறது? டார்லீனிடம் நான் சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது. இதைவிட நல்ல வாய்ப்பு வராது. பேசக் கூடாது என்ற விதியை மீறி வாயைத் திறந்தேன்.

"நேராவே கேளு கெண்ட்ரா. போன தேர்தல்ல அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டது யாருன்னு கேளு. எங்களுக்கு ஒண்ணும் பயமில்ல."

கெண்ட்ராவின் முகம் மாறியது. இதையெல்லாம் பொதுவில் கேட்பது வழக்கமில்லை, யாருக்காவது சங்கடமாகிவிடும் என்று தயங்கினாள். டார்லீன் என் கையைப் பிடித்து, வேண்டாமே என்பதுபோல அழுத்தினாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். நாங்கள் ஒளித்துப் பேசுகிறவர்கள் இல்லை, இங்கே அப்படித்தான் என்றேன். ஏக்கார்டும் பலமாக ஆமோதித்தார். வேறு வழியில்லாமல் கெண்ட்ரா கேட்டாள்.

நாங்கள் சமையலறைக் கதவுப் பக்கம் நடந்தோம். ஒரே கூட்டமாக, தோளோடு தோள் உரச, ஊர்வலம் போகிற மாதிரி நடந்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கதவருகே போய்த் திரும்பி, டார்லீன் பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பியானோ பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹார்ட்முட் அங்கே நின்றுகொண்டிருந்தார். கேக் மாவு ஒட்டிய ஏப்ரனோடு, இரண்டு கால்களும் டேப்பின் முனையில் சரியாகப் பொருந்தும்படி நின்றுகொண்டிருந்தார்.

ஏக்கார்ட்தான் முதலில் சமாளித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற குரலில், "ஹார்ட்முட், நீ மாறி நிக்கிறப்பா. இல்லைங்கிறது இந்தப் பக்கம்" என்றார்.

"எனக்குப் பக்கம் தெரியும், ஏக்கார்ட்" என்றார் ஹார்ட்முட்.

எனக்கு அந்த நேரத்தில் கோபம் கூட வரவில்லை. வேறு யாரோ என் கணவரின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தது. எத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவர். எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவார் என்பது வரைக்கும் தெரியும். இது தெரியவில்லை.

பிறகு நடந்ததுதான் இன்னும் குழப்பம். டார்லீன் நடுவிலிருந்து கிளம்பி, டேப் மேலேயே நடந்து போய், ஹார்ட்முட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் போனதைப் பார்த்து இன்னொரு அமெரிக்கர் போனார். அவர் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மேப்பிள் ஃபோர்டுக்காரர்கள் அத்தனை பேரும் பியானோவைச் சுற்றி, ஹார்ட்முட்டை நடுவில் விட்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் வெறும் நீல டேப்பும் கெண்ட்ராவும். தேவாலயக் கமிட்டிகளில் இப்படி நடந்ததே இல்லை என்று அவள் யாரிடமென்று இல்லாமல் சொன்னாள்; கண் கலங்கியிருந்தது.

"எல்லாருமா?" என்று ஏக்கார்ட் என் காதில் கிசுகிசுத்தார். "எல்லாருமே அந்தக் கட்சியா?"

அவர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது என்பது அந்த நிமிடத்தில் எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

அடுப்பு மணி அடித்தது. ஹார்ட்முட், "கேக்" என்று சொல்லிவிட்டு எங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சமையலறைக்குள் போனார். எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

சாப்பாட்டு வேளையில் அத்தனை பேரும் கேக்கைப் பற்றி மட்டுமே பேசினார்கள். வெங்காயம் நன்றாக வதங்கியிருக்கிறது, சோம்பு வாசனை அருமை என்று இரண்டு மொழியிலும் புகழ்ந்து தள்ளினார்கள். ஏக்கார்ட் என்னை மூலைக்கு அழைத்து, அந்த டேப் விளையாட்டு செல்லாது என்று கை தூக்கித் தீர்மானம் போட்டுவிடலாமா என்று கேட்டார். நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு, கோட்டுகள் தொங்கும் நடைக்குப் போனேன். அங்கே டார்லீன் தன் கோட்டுப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அங்க போய் நின்ன?" என்று கேட்டேன்.

"தனியா நின்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ உன் கருத்து என்ன, டார்லீன்?"

அவள் தேடுவதை நிறுத்தினாள். தன் அண்ணனைப் பற்றி முப்பது வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். ஒரு தேர்தலுக்குப் பிறகு, குடும்ப விருந்தில், அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று இவள்தான் நேராகக் கேட்டாளாம். அவர் மறைக்காமல் சொன்னாராம். மேஜையில் இருந்த எல்லோரும் இவள் பக்கம் சேர்ந்துகொண்டார்களாம். "ஆப்பிள் பை பலகாரத்த வெட்டிக்கிட்டு இருந்தோம். பாதியில எழுந்து போனவர்தான், இன்னும் வரல. நாங்க எல்லாரும் சரியாத்தான் பேசினோம், டாக்மார்" என்றாள். பிறகு கைக்குட்டையைக் கண்டுபிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவள் எந்தக் கட்சி என்பது கூட இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாலையில் வீட்டுக்கு வந்தோம். ஹார்ட்முட் வேனை ஓட்டினார், டார்லீன் பின்னால் காலிப் பாட்டில்களோடு உட்கார்ந்து வந்தாள். வீட்டில் வழக்கம்போல ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறுகாய் வெள்ளரி எல்லாம் எடுத்து வைத்தோம். மூன்று பேரும் உட்கார்ந்தோம். டார்லீன் வெண்ணெயைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னாள். ஹார்ட்முட் ரொட்டியை நறுக்கினார். ஒரே கனம்.

என் வாயில் நூறு வாதங்கள் தயாராக இருந்தன. அந்தக் கட்சிக்காரர்கள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் உண்டு; ஊர்ச் செய்தித்தாளில் அறிக்கையே எழுதியிருக்கிறேன். ஆனால் டார்லீன் அங்கே இருந்தாள், அவள் அண்ணன் பாதியில் விட்டுப் போன அந்த ஆப்பிள் பை என் நினைவில் இருந்தது. அதனால் ஒரே ஒரு சொல்தான் கேட்டேன்.

"ஏன்?"

ஹார்ட்முட் கத்தியைக் கீழே வைத்தார்.

"இதைக் கேக்கறதுக்கு நீ விஸ்கான்சின் வரைக்கும் போன. போன ஒவ்வொரு தடவையும் அங்க இருக்கிறவங்களை ஏன் ஏன்னு கேட்ட. நான் இங்கதான் இருந்தேன்."

பிறகு பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பழைய மாதிரி கொதிகலன் இனி கூடாது என்று புதுச் சட்டம் வந்த அன்று தொலைக்காட்சியில் ஒரு பெரிய மனிதர் கொதிகலன் வைத்திருப்பதே பாவம் என்கிற மாதிரி பேசினாராம். வாழ்க்கையில் ஒரு கீழறையில் கூட இறங்காத ஆள். ஊரில் டாக்டர் கிடையாது, பேருந்து கிடையாது. பழைய ஹோட்டலில் அகதிகளை வைத்திருக்கிறார்கள், யாரும் எங்களைக் கேட்கவில்லை என்றார். அந்த ஹோட்டலின் வெப்பக் குழாய் வெடித்தபோது கூலி வாங்காமல் போய் இரண்டு நாள் கிடந்து சரிசெய்தவர் இதே ஹார்ட்முட். அங்கிருக்கும் குழந்தைகள் இன்றும் தெருவில் அவரைக் கண்டால் கையசைக்கும். இதை அதோடு எப்படி ஒட்டுவது? அவர் சொன்னதில் சிலது நியாயம், சிலது பச்சைப் பொய், சிலது அந்தக் கட்சியின் சுவரொட்டியிலிருந்து அப்படியே எடுத்தது. எது எது என்று பிரிப்பதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

பேசி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டார்லீனும் பார்த்தாள். மறுத்துப் பேசினால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவாரோ என்று, கல்யாணமாகி வந்த நாள் முதல் இல்லாத பயம் ஒன்று எனக்கு வந்தது. எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு. பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி."

ஹார்ட்முட்டின் முகம் விழுந்துவிட்டது. பியானோ பக்கம் ஒற்றை ஆளாக நின்றபோது கூட அந்த முகம் அப்படி விழவில்லை.

"என்கிட்ட வேண்டாம் டாக்மார்" என்றார். "நான் என்ன செத்தா போயிட்டேன்? சண்டை போடு."

நான் ஹார்ட்முட்டின் கிளாஸை இழுத்து வைன் ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன்.

"முதல்ல அந்த ஹோட்டல். யாரும் நம்மளக் கேக்கலைன்னு நீ சொன்னது பச்சைப் பொய்" என்று ஆரம்பித்தேன். அவர் குரல் உயர்ந்தது, என் குரல் அதற்கு மேலே போனது. டார்லீன் பயந்துபோய்த் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏக்கார்டைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.